முந்திரி ஓட்டுக் கரியும் ஒர்க்‌ஷாப் டீசல் தண்ணியும்

முந்திரி ஓட்டச் சுட்டு கரியாக்கி, அந்தக் கரிய வச்சு நம்ம ஒர்க்‌ஷாப்ல இன்ஜின் கழுவற எண்ணெய்த் தண்ணிய வடிகட்டற வேலை, ஒருவழியா போன வாரம் வேலை செஞ்சுது. ஏழு தடவ கரி சுட்டு, அதுல மூணு தடவ நாசம் பண்ணி, ஒரு தடவ டிரம் மூடி பறந்து, கையெல்லாம் கொப்புளம் வந்து, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல செலவு பண்ணி கடைசில ஒரு பக்கெட் தெளிஞ்ச தண்ணி கெடச்சிருக்கு. யாராவது இதே மாதிரி ஆரம்பிக்கப் போறீங்கன்னா நான் பண்ண தப்பையாவது பண்ணாம இருக்கலாமேன்னு எழுதறேன்.

நமக்கு கடலூர் முதுநகர்ல போட் இன்ஜின் சர்வீஸ். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடை, அந்த 61 நாள்லதான் நமக்கு சீசன், போட்டெல்லாம் கரைல நிக்கும், இன்ஜின் எறக்கி பிரிச்சு கழுவி, சிலிண்டர் போர் தேஞ்சிருக்கான்னு பாத்து மாட்டணும். கழுவற தண்ணி ஒரு நாளைக்கு 150 லிட்டர் வரும், டீசலும் ஆயிலும் கிரீஸும் கலந்த தண்ணி, அது கடை பின்னாடி சின்ன வாய்க்கால்ல போய் உப்பனாத்துல கலக்கும். எல்லாரும் அப்படித்தான் விடறோம்னு நானும் விட்டுட்டு இருந்தேன். போன வருஷம் நண்டு விக்கற அக்கா ஒருத்தங்க கடைக்கு வந்து சண்டை எல்லாம் போடல, ஒரு நண்ட எடுத்து என் மூக்குக்கிட்ட நீட்டி "மோந்து பாரு தம்பி, உங்க கடை வாசன"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. அது ரெண்டு நாள் மனசுல ஓடுச்சு.

2017 ஜனவரில எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ ஆளுங்க பக்கெட்டுல அள்ளினாங்களே ஞாபகம் இருக்கா. அதுக்கப்புறம் இந்த எண்ணெய உறிஞ்சற பொருளப் பத்தி அப்பப்போ படிப்பேன். ஆஸ்திரேலியாவுல ஃபிளிண்டர்ஸ் யூனிவர்சிட்டில சமையல் எண்ணெயையும் கந்தகத்தையும் சேத்து காய்ச்சி ரப்பர் மாதிரி ஒண்ணு செஞ்சிருக்காங்க, கடல்ல கொட்டின எண்ணெய அது உறிஞ்சுதாம். பொரிச்சு மிஞ்சின எண்ணெயிலயும் பண்ணலாமாம், கந்தகமும் பெட்ரோல் ரிஃபைனரில மிஞ்சறதுதான். எனக்கு அதுதான் மொதல்ல ஆசை. ஆனா சூடு கொஞ்சம் தாண்டினா அழுகுன முட்டை வாசன வர்ற விஷவாயு வரும், வீட்டுப் பக்கத்துல பண்ற வேலை இல்லன்னு விட்டுட்டேன். சரியான முடிவு. ஒரு முந்திரிப் புகைக்கே என்ன ஆச்சுன்னு பின்னாடி பாருங்க.

முந்திரி யோசனை மச்சானோடது. அவன் பண்ருட்டி பக்கம், காடாம்புலியூர் தாண்டி முந்திரிக் கொல்லை வச்சிருக்கான், 2011 தானே புயல்ல மரமெல்லாம் சாஞ்சு திரும்ப நட்டது. அந்தப் பக்கம் பருப்பு ஒடைக்கற இடத்துல ஓடு மலை மாதிரி கெடக்கும். ஓட்டுல எடைக்கு அஞ்சுல ஒரு பங்கு, சில சமயம் நாலுல ஒரு பங்கு எண்ணெய் இருக்கும், கருப்பா, தோல்ல பட்டா வெந்து உரியற எண்ணெய். அத ஆலையில எடுத்து பெயிண்ட்டுக்கு, பிரேக் லைனிங்ல போடற பவுடருக்கெல்லாம் அனுப்பறாங்க. நம்ம ஊர்ல பழைய மரப் படகுக்கு பூச்சி அரிக்காம இருக்க இதத்தான் பூசுவாங்க, எங்க அப்பா பூசி நானே பாத்திருக்கேன். "எண்ணெயோட எரிச்சா அதுவே வெறகு மச்சான், கரி மிச்சம், அந்தக் கரிய வச்சு உன் தண்ணிய வடிகட்டு"ன்னான். கேக்க எவ்ளோ சுலபமா இருக்கு பாருங்க.

மொத தடவ கடை பின்னாடியே பழைய 200 லிட்டர் டிரம்ல அடியில ஓட்டை போட்டு ஓட்டக் கொட்டி கொளுத்திட்டேன். டீசல் இருக்கற எடத்துல நெருப்பு வச்சதே மொத முட்டாள்தனம். ரெண்டு நிமிஷத்துல கருப்புப் புகை, அது சாதா புகை இல்ல, கண்ணுல மொளகாப்பொடி போட்ட மாதிரி, பக்கத்து ஐஸ் கடைப் பசங்க ஓடி வந்து தண்ணி ஊத்தி அணைச்சாங்க. மறுநாள் என் முழங்கை உள்பக்கம் வரிசையா கொப்புளம். ஓட்ட வெறுங்கைல அள்ளினேன், அதான். பருப்பு ஒடைக்கற பொம்பளைங்க கைல சாம்பலோ வெளக்கெண்ணெயோ தடவிக்கிட்டுத்தான் ஒடைப்பாங்கன்னு மச்சான் அப்புறமா சொல்றான், அப்புறமா. பத்து நாள் ஸ்பானர் புடிக்க முடியல. அதுக்கப்புறம் நீளமான ரப்பர் கிளவுஸ் 240 ரூபாய்க்கு வாங்கினேன், இந்த மொத்த வேலைலயே உருப்படியான செலவு அதுதான்.

ரெண்டாவது தடவைல இருந்து எல்லாம் மச்சான் கொல்லையில, மரத்துல இருந்து நல்லா தள்ளி, காத்து திசை பாத்து. டிரம்ம மூடி, மூடி சந்துல களிமண் பூசி, ஒரு சின்ன ஓட்டை மட்டும் விட்டு வெளிய இருந்து சவுக்கு வெறகு போட்டு எரிச்சேன். மீட்டர் எதுவும் இல்ல, கண்ணளவு. ஒன்றரை மணி நேரத்துல புகை கொறஞ்சதும் வெந்துடுச்சுன்னு நெனச்சு நிறுத்திட்டேன். தொறந்து பாத்தா கருப்பு இல்ல, காப்பிக்கொட்டை கலரு, கைல எடுத்தா பிசுக்குன்னு ஒட்டுது. சரி பாப்போமேன்னு ஒரு பாட்டில் தண்ணில போட்டேன். அஞ்சே நிமிஷம், தண்ணி மேல வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். எண்ணெய எடுக்கப் போட்டது எண்ணெயக் கக்குது! நான் ஒரு மணி நேரம் அந்த பாட்டிலையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

அப்பதான் மீட்டர் இல்லாம இது ஆகாதுன்னு புரிஞ்சுது. கே டைப் தெர்மோகப்பிளும் (சூடு அளக்கற கம்பி) டிஜிட்டல் மீட்டரும் சேத்து 1,150 ரூபா. அடுப்பும் மாத்தினேன். இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

வெளி டிரம் 200 லிட்டர், அடியில சுத்தி காத்துக்கு எட்டு ஓட்டை, ஒவ்வொண்ணும் ரெண்டு விரல் அகலம். அதுக்குள்ள மூணு செங்கல் நிக்க வச்சு அது மேல 60 லிட்டர் இரும்பு டிரம், அதுல 15 கிலோ ஓடு. உள் டிரம்முக்கு காத்து போகக்கூடாது, ஓட்டுல இருந்து வர்ற ஆவி மட்டும் ஒரு பைப் வழியா வெளிய வந்து அடியில இருக்கற நெருப்புலயே எரியணும். அப்ப புகையும் வராது, வெறகும் மிச்சம். பைப்பு ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) போடாதீங்க, சூட்டுல துத்தநாகப் புகை வரும், வெல்டிங் பண்றவங்களுக்கு அது தெரியும். எம்.எஸ்., அதாவது சாதா இரும்பு பைப்தான்.

மூணாவது தடவ நான் பண்ண தப்பு, ஒரு இஞ்ச் பைப்ப உள் டிரம் மூடில பத்தவச்சு, வெளி டிரம்முக்கு வெளியில வளைச்சு எடுத்துட்டுப் போய் அடியில விட்டேன். பாக்க அழகா இருந்துச்சு. 40 நிமிஷம் நல்லா போச்சு, அடியில பொசுபொசுன்னு எரிஞ்சுது, அப்புறம் அந்தத் தீ சுருங்கி நின்னுடுச்சு. முடிஞ்சுதோன்னு நெனச்சா மீட்டர்ல 290 டிகிரிதான். நான் குனிஞ்சு பாக்கறதுக்கும் டும்முனு ஒரு சத்தம், மூடி ஒரு ஆள் ஒசரம் எழும்பி பொத்துனு விழுந்துச்சு, பின்னாடியே நெருப்பு. நல்லவேளை மூடிய போல்ட் போட்டு இறுக்கல, களிமண் பூசி மேல ஒரு கல்லு மட்டும்தான் வச்சிருந்தேன். போல்ட் போட்டிருந்தா டிரம்மே வெடிச்சிருக்கும். தயவுசெஞ்சு யாரும் உள் டிரம் மூடிய இறுக்காதீங்க.

பைப்ப அறுத்துப் பாத்தா உள்ள தார் மாதிரி கெட்டியா அடைச்சிருக்கு. வெளியில போற பைப்பு ஆறிடுது, ஆவி அதுலயே குளுந்து தாராயிடுது. அவ்ளோதான் விஷயம். அடுத்ததுக்கு ரெண்டு இஞ்ச் பைப்பு, வெளிய எங்கயும் போகாம ரெண்டு டிரம்முக்கும் நடுவுல நெருப்புக்குள்ளயே எறங்கற மாதிரி, அடியில குறுக்கா ஒரு துண்டு, அதுல 8 எம்.எம். ஓட்டை பன்னெண்டு. பைப்பு முழுக்க சூடாவே இருக்கறதால அடைக்கல. இதுவரைக்கும் நாலு தடவ ஓட்டியாச்சு, ஒவ்வொரு தடவையும் கம்பி விட்டுக் குத்திப் பாக்கறேன், லேசா படிமானம் மட்டும்தான்.

நாலாவது தடவ சுடறப்போ ஒரு மணி பத்து நிமிஷத்துல அடியில ஓட்டைல இருந்து ஜெட்டு மாதிரி சத்தத்தோட மஞ்சத் தீ வந்துச்சு, அதுக்கப்புறம் வெறகே போடல, ஓட்டு எண்ணெயே தன்னத்தானே வேகவச்சுக்குச்சு. மச்சான் "சொன்னேன்ல"ன்னு மூணு தடவ சொன்னான். மீட்டர் 460 காட்டுச்சு, அத ஒரு மணி நேரம் தாங்குச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல, சாயந்திரமே மூடியத் தொறந்தேன். கரி பளபளன்னு சூப்பரா இருந்துச்சு, ஒரு ரெண்டு நிமிஷம். காத்து பட்டதும் ஓரத்துல செவந்துச்சு, அப்புறம் நடுவுல, தண்ணி எடுக்க ஓடிட்டு வரதுக்குள்ள பாதி சாம்பல். தொடற சூடு இல்லயேன்னு டிரம் வெளிப்பக்கம் தொட்டுப் பாத்துட்டுத்தான் தொறந்தேன், உள்ள நடுவுல அப்படியே கனன்னுட்டு இருந்திருக்கு. இப்பல்லாம் பைப் வாயிலயும் களிமண் அடைச்சுட்டு மறுநாள் காலைல மீட்டர் 40க்குக் கீழ வந்தப்புறம்தான் கைய வைக்கறது.

அஞ்சாவது தடவ 15 கிலோ ஓட்டுக்கு 4.1 கிலோ கரி. ஆறும் ஏழும் கிட்டத்தட்ட அதேதான், 4 கிலோ, 3.9 கிலோ. வெறகு ஒரு தடவைக்கு 12 கிலோ போதும். பாட்டில்ல போட்டா எண்ணெய்ப் படலம் இல்ல. மொத ரெண்டு தண்ணி மட்டும் சாம்பல் கரைஞ்சு சோப்பு மாதிரி வழுவழுன்னு இருக்கும், கழுவி ஊத்திடணும்.

கரி நல்ல கரியான்னு பாக்க மீன் தொட்டி கடைல மெத்திலீன் ப்ளூ சொட்டு மருந்து வாங்கினேன், மீனுக்கு பூஞ்சைக்குப் போடறது, சின்ன பாட்டில்தான். கால் லிட்டர் தண்ணில அஞ்சு சொட்டு, ஒரு ஸ்பூன் கரி, குலுக்கி வச்சு நீலம் போக எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்கறது. நம்ம கரி ஒரு மணி நேரத்துல வெளிர் நீலம் வரைக்கும் கொண்டு வந்துச்சு. அதே கடைல வாங்கின ஆக்டிவேட்டட் கார்பன் (நீராவி மாதிரி விட்டு நுணுக்கமா துளை உண்டாக்கின கரி) கால் மணி நேரத்துல கண்ணாடி மாதிரி ஆக்கிடுச்சு. ரோஷம் வந்து நானும் நீராவி விட்டுப் பாக்கலாம்னு நாலு இஞ்ச் பைப்புல கொஞ்சம் கரியப் போட்டு கொல்லுப்பட்டறை ஊதுலைல செவக்க வச்சு சொட்டு சொட்டா தண்ணி விட்டேன். நீலம் 20 நிமிஷத்துல போச்சு, உண்மைதான். ஆனா பாதி கரி எரிஞ்சு போச்சு, பைப்பு செதில் செதிலா உரிஞ்சு போச்சு, பட்டறைக்காரருக்கு 300 ரூபா. நமக்கு வேண்டியது டீசல் வாசன போறது, அதுக்கு சாதா கரியே போதும்னு விட்டுட்டேன்.

இனி வடிகட்டறது. இங்கயும் மொதல்ல தப்புதான். கரிய உரல்ல இடிச்சு மாவு மாதிரி ஆக்கி நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்புல ஒரு மீட்டர் ஒசரத்துக்கு அடைச்சேன், மாவா இருந்தா நல்லா உறிஞ்சும்னு நெனப்பு. தண்ணி எறங்கவே இல்ல. அப்புறம் இடிச்சத சலிச்சு, மாவ ஒதுக்கிட்டு அரிசி அளவுல இருந்து உளுந்து அளவு வரைக்கும் இருக்கறத மட்டும் போட்டேன், மணிக்கு 20 லிட்டர் எறங்குச்சு. 150 லிட்டருக்கு ஒரு நாள் முழுக்க ஆகும். ரெண்டாவது நாள் அதுவும் அடைச்சுடுச்சு, மேல கிரீஸ் வழிச்சு எடுத்தா வெண்ணெ மாதிரி வருது. பைப்பும் ஃபிட்டிங்கும் 600 ரூபா தண்டம்.

தப்பு கரில இல்ல, என் நெனப்புலதான். மெதக்கற எண்ணெய எல்லாம் கரி தலைல கட்டினா அது என்ன பண்ணும்? மெதக்கறத மொதல்ல வழிச்சு எடுக்கணும், மிச்சம் தண்ணிக்குள்ள மறைஞ்சு போறத மட்டும்தான் கரிகிட்ட குடுக்கணும். 50 லிட்டர் நீல கேன் மூணு வரிசையா வச்சு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு தண்ணி மேல இருந்து போகாம அடில இருந்து எடுத்து போற மாதிரி ரெண்டு இஞ்ச் எல்போ (வளைவு பைப்பு) போட்டேன். எண்ணெய் மேலயே நின்னுடும், தண்ணி அடியால போயிடும். கேன் ஒண்ணு 350, நாலாவது கேன் கரிக்கு. அதுல அடியில கொஞ்சம் ஜல்லி, மணல் நாலு விரல், மேல கரி, மூணு தடவ சுட்டதுல மிச்சம் இருந்தது மொத்தமும். மேல பழைய வலைத் துணி போட்டு மேல கல்லு, இல்லன்னா கரி மெதக்கும்.

ஓட்டிப் பாத்தேன். மூணு நாள் அருமையா வந்துச்சு. நாலாவது நாள் வெள்ளையா பால் மாதிரி வருது. என்னடான்னு பாத்தா கடைப் பையன் சோப்புத் தூள் போட்டு இன்ஜின் கழுவிருக்கான். அவன் மேல தப்பு இல்ல, வருஷக்கணக்கா அப்படித்தான் கழுவறோம். சோப்பு போட்டா எண்ணெயும் தண்ணியும் கலந்து பிரியவே பிரியாது, அந்தத் தண்ணிக்கு மூணு கேனும் வேஸ்ட்டு, கரியும் வேஸ்ட்டு. அந்த ஒரு நாள் தண்ணிய மட்டும் படிகாரம் போட்டு கலக்கி ராத்திரி வச்சேன், மோர் திரிஞ்ச மாதிரி திரிஞ்சு கட்டியாச்சு, மேல இருந்தத வழிச்சு எடுத்தேன். தெனமும் அது ஆகாது. இப்ப ரூல் என்னன்னா மொதல்ல மரத்தூள் போட்டு பிரஷ்ஷால தேச்சு எடுக்கணும், அப்புறம் கொஞ்சமா டீசல் தொட்டு தொடைக்கணும், கடைசிலதான் தண்ணி, சோப்பே கிடையாது. தண்ணியும் 150ல இருந்து 90 லிட்டருக்கு கொறஞ்சுடுச்சு. இத மொதல்லயே பண்ணிருந்தா பாதி வேலை மிச்சம்.

கண்ணுக்கு தெளிவா இருந்தா போதாதுன்னு மூணு பாட்டில் தண்ணி பிரைவேட் லேப்ல குடுத்தேன், ஒண்ணு 700 ரூபா. கழுவின தண்ணில எண்ணெய் கிரீஸ் லிட்டருக்கு 212 மில்லிகிராம், மூணு கேன் தாண்டினதுல 38, கரி தாண்டினதுல 6. வெளிய விடறதுக்கு சட்டத்துல சொல்ற அளவு ஆறு ஏரின்னா 10, கடலோரம்னா 20. ஒரே ஒரு தடவ எடுத்த சாம்பிள்தான், அதுவும் கரி புதுசா இருந்தப்போ, அதனால பெருமையெல்லாம் பட முடியாது. வர்ற தண்ணிய வாய்க்கால்ல விடாம திரும்ப தரை கழுவத்தான் எடுத்துக்கறோம்.

கணக்கு பாத்தா அடுப்பு, மீட்டர், ஓடு, வெறகு எல்லாம் சேத்து 5,100 கிட்ட, கேன் செட்டு 2,500, லேப் 2,100, தண்டம் போன பைப்பு 600. பத்தாயிரத்து முன்னூறு. பட்டறைக்காரர் காச நான் கணக்குல சேக்கல, அது ரோஷத்துக்கு ஆன செலவு.

அடுத்த தடவ பச்சை ஓட்டுக்குப் பதிலா ஆலைல எண்ணெய் எடுத்து மிஞ்சற சக்கைய வாங்கிச் சுடலாம்னு இருக்கேன். தார் கொறையும், கையும் பொழைக்கும், ஆனா எண்ணெய் கம்மின்னா தன்னால எரியற நேரமும் கம்மி, வெறகு கூட ஆகும், எது லாபம்னு சுட்டுப் பாத்தாதான் தெரியும். உள் டிரம்முக்கு ரெண்டாவது தெர்மோகப்பிள் நடுவுல வைக்கணும், இப்ப இருக்கறது ஓரத்துல மட்டும்தான் காட்டுது. வெளி டிரம்ம சுத்தி மண்ணு பூசினா வெறகு இன்னும் கொறையும். எல்லாம் அக்டோபர் மழை ஆரம்பிக்கறதுக்குள்ள பண்ணணும், களிமண் காயாது அப்புறம்.

தீராதது ஒண்ணு இருக்கு. எண்ணெய் குடிச்ச கரிய என்ன பண்றது? வெறும் டீசல் புடிச்ச கரிய அடுத்த சூளைல வெறகா போட்டுட்டேன், நல்லா எரியுது. ஆனா பழைய இன்ஜின் ஆயில் புடிச்சதுல என்னென்ன உலோகம் இருக்குமோ, அத எரிச்சா திரும்ப காத்துலதான் போகும், அதனால எரிக்கல. யூஸ்டு ஆயிலே அபாயக் கழிவுன்னு 2016 ரூல்ஸ்ல இருக்கு, லைசென்ஸ் இருக்கறவங்ககிட்டதான் குடுக்கணும். நம்ம கடைல பழைய ஆயில் எடுக்கறவர்கிட்ட கேட்டேன். "ஆயில்னா எடுத்துக்கறேண்ணே, கரிய வச்சு நான் என்னா பண்ணுவேன்"ங்கறாரு. அந்தக் கரி மழை படாத எடத்துல மூடி போட்ட டிரம்முக்குள்ள இருக்கு. யாருக்காவது வழி தெரிஞ்சா சொல்லுங்க.

அந்த அக்கா போன வெள்ளிக்கெழம வந்தாங்க, கரி கேன் குழாய்ல இருந்து ஒரு டம்ளர் புடிச்சு மோந்து பாத்தாங்க. "இன்னும் கொஞ்சம் வருது தம்பி"ன்னாங்க. லேப்ல 6 தானேன்னு சொல்லிப் பாத்தேன். அவங்க மூக்கு லேப்பு இல்லியே.